ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: ரைசன் 5 5600 பிராசஸர், ஒரு பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா), எல்லாம் புதுசு. வீடியோ பார்த்து வீட்டிலேயே அசெம்பிள் செய்தாயிற்று. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கலர் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கடைக்காரரிடம் போனில் கேட்டால் பிராசஸர் போயிருக்கும் என்கிறார், திருப்பிக் கொடுத்துவிடலாமா? கேள்வி இப்படி இருந்தாலும் அதற்குள் இருக்கும் கேள்வி, நான் எதையாவது கெடுத்துத் தொலைத்துவிட்டேனா, போட்ட பணம் போச்சா என்பது. பெரும்பாலும் போகவில்லை. பிராசஸரை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

18 வருஷமாக இதே வேலைதான் எனக்கு. 'ஃபேன் சுத்துது சார், ஆனா டிஸ்பிளே வரல' என்று ஆரம்பிக்காத வாடிக்கையாளரை நான் பார்த்தது குறைவு. அந்த 'ஃபேன் சுத்துது' என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பட்டனை அழுத்தியதும் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது, அது 12 வோல்ட்டைக் கொடுக்கிறது, ஃபேன் சுற்ற அது போதும். பிராசஸர் அந்த நேரத்தில் இன்னும் கண்ணே திறந்திருக்காது. மண்டபத்தில் சீரியல் லைட் எரிகிறது என்பதற்காக மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா, அந்தக் கதைதான். அதற்கப்புறம் 'கரண்ட் சரியாக இருக்கிறது' என்று எஸ்எம்பிஎஸ் ஒரு சிக்னல் தர வேண்டும், பிராசஸர் எழுந்து போர்டின் பயாஸ் சிப்பில் இருப்பதை, அதாவது மெஷினைத் தொடக்கிவைக்கும் முதல் புரோகிராமைப் படிக்க வேண்டும், ராமைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும், பிறகு கிராபிக்ஸ் கார்டை எழுப்ப வேண்டும். இத்தனையும் முடிந்தால்தான் திரையில் ஒரு புள்ளியாவது வரும். அதனால் எந்த பாகம் கெட்டது என்று யோசிப்பதைவிட, இந்த வரிசையில் எதுவரை போய் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, இல்லை மேலே யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் சொருகியிருக்கிறதா? 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, பெயருக்குப் பின்னால் ஜி என்று இருக்கும் 5600ஜிக்குத்தான் உண்டு. ஆகவே உங்கள் போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான், அதில் எந்தக் காலத்திலும் படம் வராது. (இன்டெல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: 12400எஃப் மாதிரி எஃப்பில் முடியும் பிராசஸர்களுக்கும் இதே கதை.) கேபிள் கார்டில்தான் இருக்கிறது என்றால் மானிட்டரின் பட்டனை அழுத்தி இன்புட் சரியாக எச்டிஎம்ஐக்கோ டிஸ்பிளே போர்ட்டுக்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் கேபிளைப் பிடுங்கி ஹாலில் இருக்கும் டிவியில் மாட்டிப் பாருங்கள். வீட்டில் கிடந்த பழைய விஜிஏ மானிட்டரை ஒரு கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அந்தக் கன்வெர்ட்டர் மேல்தான், ஏனென்றால் இந்தக் கார்டிலிருந்து விஜிஏவுக்கு நேரடியாக எதுவும் வராது, நடுவில் இருக்கும் அந்தச் சின்ன டப்பாதான் மொத்தத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். இன்னொரு சின்ன வித்தை: ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்துக் கீபோர்டில் 'Num Lock' பட்டனை அழுத்தி அழுத்திப் பாருங்கள். அந்த லைட் எரிந்து எரிந்து அணைந்தால் உங்கள் கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது, படம் காட்டுவதில் மட்டும்தான் கோளாறு. லைட் அசையவே இல்லை என்றால் கோளாறு அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கலாம், ஆனால் இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சரி, இப்போது திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். போர்டின் மேல் இடது மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில், 8 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், பிராசஸருக்குக் கரண்ட் அந்த வழியாகத்தான் வருகிறது. 24 பின் பெரிய கேபிளை மட்டும் மாட்டிவிட்டு இதை மறந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும். கேபினெட்டின் மூலையில் கை போகாத இடத்தில் இருப்பதால் மறப்பது சகஜம், நானே மறந்திருக்கிறேன். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு விதமான 8 பின் வரும், 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பின்களின் வடிவம் வேறு என்பதால் மாற்றிச் சொருகினால் எளிதில் போகாது, ஆனால் 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று அழுத்தி ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கார்டுக்கும் தனியாக 8 பின் கேபிள் வேண்டும், அதையும் பாருங்கள். கேபிள்கள் தனியாகக் கழற்றும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது, சொருகும் இடம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நல்ல ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும்.

அடுத்தது ராம். இதில்தான் புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் சிக்குகிறார்கள், காரணம் பயம். விலை கொடுத்து வாங்கிய பொருளை அவ்வளவு பலமாக அழுத்த மனசு வராது. ஆனால் அழுத்தத்தான் வேண்டும். உங்கள் போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் இரண்டு ராமுக்கான இடம். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும், கிளிப் இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் மேலே நின்றால் கண்ணுக்குத் தெரியாது, பிராசஸருக்கு மட்டும் தெரியும். இரண்டையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முனைகளையும் 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். வரவில்லையென்றால் மற்ற ராமை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டையும் ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள். ஸ்லாட்டின் வால் பக்கம் இருக்கும் கிளிப் தானாக மூட வேண்டும், பின்பக்கத் தகடு கேபினெட்டில் இடித்துக்கொண்டு கார்டை முழுசாக உட்காரவிடாமல் செய்வதும் உண்டு. ஏஎம்5 என்ற புது சாக்கெட் உள்ள போர்டும் டிடிஆர்5 ராமும் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருப்புத் திரையிலேயே நிற்கும், அந்த நேரத்தில் பதறி ஆஃப் செய்து ஆஃப் செய்து ஆன் செய்தால் விடிய விடிய இதே கதைதான். உங்களுடையது டிடிஆர்4, அவ்வளவு நேரம் எடுக்காது.

இத்தனையும் சரியாக இருந்தால் எனக்கு வரும் பெரிய சந்தேகம் பயாஸ். நீங்கள் 'பி450', '5600' என்று எழுதியதைப் பார்த்ததுமே இதுதான் தோன்றியது. பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது, உங்கள் 5600 அதற்கும் பிந்தி 2022இல் வந்தது. சாக்கெட் ஒன்றுதான், பிராசஸர் அழகாக உட்காரும், கிளிப்பும் மூடும். ஆனால் போர்டில் இருக்கும் பயாஸ் பழசாக இருந்தால், பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படித் தெரியும்? 'யார் நீ' என்று நின்றுவிடும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், படம் வராது, பீப்பும் வராது. நீங்கள் விவரித்த அறிகுறி அப்படியே இதுதான். போர்டு பெட்டியை எடுத்துப் பாருங்கள், 'ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி' என்று ஸ்டிக்கர் இருந்தால் இந்தச் சந்தேகத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிடலாம். 'ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி' என்று இருந்தால், அல்லது ஸ்டிக்கரே இல்லையென்றால் சந்தேகம் பலமாகிறது. புதுப்பெட்டிதானே என்று நினைக்காதீர்கள், சீல் உடைக்காத பெட்டி குடோனில் எத்தனை வருஷம் கிடந்தது என்று யார் கண்டது.

பயாஸை மாற்ற வழி இருக்கிறது. சில பி450 போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ் பயாஸ் என்ற பெயரில் சின்னப் பட்டன் இருக்கும். பிராசஸர், ராம் எதுவும் இல்லாமலேயே, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின்னும் 8 பின்னும் மட்டும் மாட்டி, பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்ற அது உதவும். கம்பெனி இணையதளத்தில் உங்கள் போர்டின் முழுப் பெயரைத் தேடி, பிராசஸர் பட்டியலில் 5600 எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பார்த்து, அதையோ அதற்குப் பிந்தியதையோ இறக்குங்கள். பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யுங்கள், மேனுவலில் சொல்லியிருக்கும் பெயருக்கு ஃபைலை மாற்றுங்கள் (எம்எஸ்ஐ என்றால் ஒரு பெயர், மற்றவற்றுக்கு வேறு, இதில் ஒரு எழுத்து தப்பினாலும் கண்டுகொள்ளாது), அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் மட்டும் சொருகிப் பட்டனை அழுத்துங்கள். லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும், நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நடுவில் கரண்ட் போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும், அதனால் யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள், பவர் கட் அடிக்கடி வருகிற நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய ரைசன் ஒன்றை, 2600, 2200ஜி மாதிரி, இரவல் வாங்கிப் போட்டு ஏற்ற வேண்டும். அதற்குக் கடைதான் நல்லது, இது அவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

ஊகத்தை விட்டுவிட்டு போர்டிடமே கேட்கவும் வழி உண்டு. பல போர்டுகளில் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி லைட் இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த பாகம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, இதைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். சிபியு லைட் நின்றால் பிராசஸர் கெட்டிருக்கலாம், பயாஸ் பழசாக இருக்கலாம், 8 பின் கேபிள் இல்லாமல் இருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். கடைக்காரர் அந்த லைட்டைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பிராசஸர் போச்சு என்றாரோ என்னவோ. லைட் இல்லாத மலிவு போர்டு என்றால் கேபினெட் ஸ்பீக்கர் என்று பட்டாணி அளவில் ஒரு பீப்பர் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ சல்லிசாகத் தருவார்கள். அதை மாட்டி, ராம் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கத்தினால் சந்தோஷப்படுங்கள்: பிராசஸரும் போர்டும் பயாஸும் உயிரோடு இருந்து 'ராம் எங்கே' என்று கேட்கின்றன. சத்தமே இல்லையென்றால் மேலே சொன்ன பயாஸ் சந்தேகத்துக்கே திரும்பி வருகிறோம்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் எல்லாவற்றையும் கேபினெட்டுக்கு வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலேயே போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ், இவ்வளவுதான், ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம் கலர் லைட்டும் வேண்டாம். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். இப்படிச் செய்யச் சொன்னால் பலருக்கு அலுப்பு. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாளாகப் போராடி, ராம் மாற்றி, எஸ்எம்பிஎஸ் மாற்றி, கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றான். பெட்டி மேல் வைத்ததும் டிஸ்பிளே வந்துவிட்டது. கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட்களில் ஒன்று அதிகமாக இருந்தது. கேபினெட்டைப் பெரிய போர்டுக்கென்று செய்திருந்தார்கள், இவனுடையது சின்னது, அந்த ஸ்டட்டுக்கு மேலே துளையே இல்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவே வட்டமாக ஒரு மங்கல் தடம். ஸ்டட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன், அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். போர்டு எரியாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

பயாஸ் செட்டிங்கை அழிக்க 2032 பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். செய்வதில் தப்பில்லை, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள், ஆனால் இதுவரை ஒருமுறைகூட ஓடாத புது மெஷினில் அழிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால் இணைத்துப் பார்க்கும் பரிசோதனையும் அப்படித்தான், அது ஓடத் தொடங்குகிறது என்று மட்டும் தெரியும், பாரம் ஏறும்போது தாங்குமா என்று தெரியாது. நல்லது என்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

இப்போது பிராசஸர். ஏன் தொட வேண்டாம் என்றேன் என்றால், உங்கள் ஏஎம்4 சாக்கெட் பிராசஸரில் பின்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. கூலருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே கூலரை நேராக மேலே இழுத்தேன், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, ஓரத்து வரிசையில் ஆறேழு பின் சாய்ந்து கிடந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். மைக்ரோ டிப் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, அந்தக் காலி முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், முக்கால் மணி நேரம். ஓடியது. ஆனால் ஒரு பின் உடைந்திருந்தால் என் கைக்காசுதான். பின் வளைந்ததற்கு வாரண்டியும் கிடையாது. ஆகவே கடைசி வழியாக, வேறு எதுவும் பலிக்காமல் திறந்துதான் ஆக வேண்டுமென்றால், கூலரை முதலில் மெதுவாக இடதும் வலதும் திருகித் திருகிப் பிடியைத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். தூக்கியதும் கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பேப்பரை உரித்தோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னதைப் பொறுத்தவரை, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருந்த பிராசஸர் என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான். அதைவிட அதிகம் பார்த்தது செத்த போர்டு, அதைவிட அதிகம் ராம், எல்லாவற்றையும்விட அதிகம் சரியாக மாட்டாத கேபிள். இது நான் பார்த்த வரையிலான கணக்கு, உங்களுடையது அந்த அபூர்வமான ஒன்றாகக்கூட இருக்கலாம், நேரில் பார்க்காமல் அதற்குமேல் சொன்னால் ஜோசியம். பிராசஸரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். வழியில் பின் வளைந்தால் 'நீங்கதான் வளைச்சீங்க' என்பார்கள், அப்படி இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. போர்டு, பிராசஸர், கூலர் மூன்றையும் மாட்டியபடியே, பில்லோடு எடுத்துப் போங்கள், கழற்றுவதை அவரே உங்கள் கண் முன்னால் கழற்றட்டும், நீங்கள் போனில் வீடியோ எடுங்கள். முதல் வேலையாக பயாஸ் எந்தப் பதிப்பு, 5600ஐ எடுக்குமா என்று கேளுங்கள். அதைக் கேட்டதும் பேச்சு மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் போர்டின் முழுப் பெயரையும், பெட்டியில் என்ன ஸ்டிக்கர் இருக்கிறது என்பதையும், அந்த நான்கு லைட் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். உங்கள் போர்டில் ஃபிளாஷ் பட்டன் உண்டா, எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.